ரொஜர்ஸ் துரையின் கத்தியும் ஷெபீல்ட் ரொஜர்ஸும்
பதுளை ஒஸ்தா குடும்பமொன்றின் சவரக்கத்தி பற்றிய குறிப்பு

இலங்கை முஸ்லிம்களின் வரலாறு என்று நாம் எழுதிவந்தவை பெரும்பாலும் கப்பல், வாணிபம், பள்ளிவாசல், பாடசாலை, சட்டசபை என்ற வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. கைத்தொழிலால் சமூகத்துக்குப் பணி செய்தவர்கள் அந்த வரிசையில் அரிதாகவே இடம்பெறுகிறார்கள். அவர்கள் காணி உறுதி எழுதிவைக்கவில்லை, பத்திரிகை நடத்தவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் அவர்களுடைய கருவிதான். அந்தக் கருவியையும் வாசிக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணமாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஊவாவிலுள்ள ஒரு குடும்பத்திடம் இருக்கும் பழைய சவரக்கத்தியைச் செய்தவர் யார் என்பதே கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் விடை ஒரு குடும்பத்தின் மானத்தோடு சம்பந்தப்பட்டிருந்தது.

முதலில் ஒஸ்தாக்களைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆண் பிள்ளைகளுக்குக் கத்னா செய்வது, பிறந்த குழந்தையின் தலைமுடி களைவது, பெரியவர்களுக்கு முடிவெட்டிச் சவரம் செய்வது ஆகியவற்றைப் பரம்பரையாகச் செய்துவந்தவர்களை நமது ஊர்களில் 'ஒஸ்தா' என்றும், அவ்வீட்டுப் பெண்களை 'ஒஸ்தா மாமி' என்றும் அழைப்பது வழக்கம். கிழக்கிலங்கை முஸ்லிம்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயும் இவர்களைக் குறிப்பிட்டிருக்கிறார். சொல்லின் மூலம் 'உஸ்தாத்' என்ற பாரசீகச் சொல். ஆசான், தொழிலில் தேர்ந்தவர் என்பது அதன் பொருள். மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவரை உஸ்தாத் என்று சொல்லி எழுந்து நிற்கிறோம். அதே சொல் ஒஸ்தாவாகி வாசலுக்கு வந்தபோது திண்ணையோடு நிறுத்திவிட்டோம். மார்க்கத்தில் தொழிலால் தாழ்வு இல்லை என்று மிம்பரில் சொல்லப்பட்டது. கல்யாணப் பேச்சு வந்தால் கதை வேறு. இது தெரியாதவர் நம்மில் யாருமில்லை.

பதுளைப் பக்கத்து அந்தக் குடும்பம் இன்று அத்தொழிலில் இல்லை. பிள்ளைகள் படித்து உத்தியோகத்தில் இருக்கிறார்கள். குடும்பத் தலைவர் எனக்குப் பல வருடப் பழக்கம். ஊவா முஸ்லிம்களின் பழைய பொருட்களைப் பற்றி நான் விசாரித்துத் திரிவதை அறிந்து, ஒரு நாள் துணியில் சுற்றிய கத்தியைக் கொண்டுவந்து காட்டினார். "சேர், இது ரொஜர்ஸ் தொர பாவிச்ச கத்தி. எங்கட மூத்தாப்பாட மூத்தாப்பாவுக்குத் தொர கையால குடுத்தது. பேரும் வெட்டி ஈக்குது பாருங்க" என்றார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் பின்னால் வரும்.

ரொஜர்ஸ் துரை என்ற பெயர் பதுளையில் சாதாரணப் பெயரல்ல. இலங்கை றைபிள் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அக்கால நூல்கள் சொல்கின்றன. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்துபோனார். பதுளை நகரத்திலுள்ள சென்ற் மார்க்ஸ் தேவாலயம் அவருடைய ஞாபகமாகக் கட்டப்பட்டது. யானையும் இடியும் சேர்ந்த கதை எளிதில் அழியாது. ஊவாவில் அவரைப் பற்றிப் பல பேச்சுக்கள் இன்றும் உண்டு. அவருடைய படைப்பிரிவில் மலாய் முஸ்லிம் சிப்பாய்கள் நிறையப்பேர் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆகவே அவருக்கு ஒரு முஸ்லிம் ஒஸ்தா சவரம் செய்தார் என்பது நடக்க முடியாத காரியமல்ல. அப்படிப்பட்ட ஒரு கதையைக் கேட்டவுடன் தள்ளிவிடவும் கூடாது, உடனே எழுதிவிடவும் கூடாது.

தலைமுறைக் கணக்கு சற்று இடித்தது. நண்பருடைய மூத்தாப்பா பிறந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவருடைய மூத்தாப்பா 1845க்கு முன்னர் தொழில் செய்யும் வயதில் இருந்திருப்பது கடினம். ஆனாலும் வாய்மொழியாக வரும் வம்சக் கணக்கில் ஒன்றிரண்டு தலைமுறை மறந்துபோவது வழமை. எனவே அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கத்தியே பேசட்டும் என்று விட்டேன்.

பழைய சவரக்கத்தியில் பெயர் இருக்குமிடம் அலகுக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள கழுத்துப் பகுதி. கத்தியை விரித்தால் பெருவிரலும் சுட்டுவிரலும் பிடிக்கின்ற இடம் அதுதான். அதனாலேயே அங்குள்ள எழுத்து முதலில் தேய்ந்துபோகும். அதை வாசிப்பதற்கு அரத்தாளோ அமிலமோ தேவையில்லை. அவை இருப்பதையும் அழித்துவிடும். இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழும். முகத்துக்குப் பூசும் பவுடரை விரலால் தேய்த்துத் துடைத்தால் எழுத்துக்குள் வெள்ளை தங்கும். மெல்லிய தாளை வைத்து மென்பென்சிலால் உரசியும் பிரதி எடுக்கலாம். நான் மூன்றையும் செய்தேன்.

கிடைத்தவை இவை: மேலே ஒரு கிரீடம், அதன் இரு புறமும் ஜீ, ஆர் என்ற இரண்டு எழுத்துக்கள். அதன்கீழ் ஜோசப் ரொஜர்ஸ் அன்ட் சன்ஸ் என்ற பெயர். பின்னர் மன்னருக்குக் கத்தி செய்பவர்கள் என்ற வரி. அதன்கீழ் ஷெபீல்ட், இங்கிலாந்து. மறுபக்கத்தில் ஒரு நட்சத்திரம், அருகில் நான்கு கைகள் விரிந்த சிலுவை. நட்சத்திரம் பாதி தேய்ந்திருந்தது.

தமிழில் எழுதினால் இரண்டு பெயரும் ரொஜர்ஸ்தான். ஆங்கிலத்தில் அப்படியல்ல. மேஜருடைய பெயருக்கு ஆறெழுத்து. கத்தியிலுள்ள பெயருக்கு ஏழெழுத்து. ஓ என்ற எழுத்துக்கும் ஜீ என்ற எழுத்துக்கும் நடுவில் ஒரு டீ இருக்கிறது. காதால் கேட்டு வந்த கதைக்கு அந்த எழுத்து தெரியவே வழியில்லை. பெயர் ஒன்றாக ஒலித்ததால் ஆள் ஒன்றாகிவிட்டார்.

ஜோசப் ரொஜர்ஸ் அன்ட் சன்ஸ் என்பது இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துக் கம்பனி. ஷெபீல்டில் கத்தி செய்பவர்களுக்கென்று 1624இலேயே சட்டத்தால் ஒரு சங்கம் ஏற்பட்டது. ஹாலம்ஷயர் கட்லர்ஸ் கம்பனி என்பது அதன் பெயர். ஒவ்வொரு கத்திக்காரரும் தனது அடையாளத்தை அங்கே பதியவேண்டும். நட்சத்திரமும் சிலுவையும் ரொஜர்ஸின் அடையாளம். அது 1764இல் பதியப்பட்டது. மார்க்க விஷயமாக யாரும் அச்சிலுவையைப் பார்க்க வேண்டியதில்லை. மால்டா சிலுவை எனப்படும் அவ்வடிவம் அங்கே வெறும் தொழிற்குறி. எழுத்து வாசிக்கத் தெரியாத நாட்டிலும் இந்தக் குறியைப் பார்த்துச் சாமானை இனங்காணலாம் என்பதுதான் அதன் பயன்.

இந்தக் கம்பனியின் புகழ் நமது நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒன்று. ஷெபீல்ட் கத்தித் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு விஷயத்தைக் குறித்துவைத்திருக்கிறார்கள்: இலங்கையில் ரொஜர்ஸ் என்ற பெயர் சிங்கள மொழிக்குள்ளேயே புகுந்து, முதல்தரமான எந்தப் பொருளையும் குறிக்கும் அடைமொழியாகிவிட்டதாம். கத்தியின் பெயர் பேச்சில் ஏறும் அளவுக்கு அந்தக் கத்தி இங்கே புழங்கியிருக்கிறது. ஆகவே பதுளையில் ஒரு ரொஜர்ஸ் கத்தி கிடைப்பதற்கு மேஜர் ரொஜர்ஸ் தேவையே இல்லை.

ஆனாலும் ஒரு சந்தேகத்தை நேர்மையாகத் தீர்க்கவேண்டும். கம்பனியின் பெயர் இருப்பதால் மட்டும் துரை பாவித்த கத்தியல்ல என்று ஆகிவிடாது. மேஜரும் ஷெபீல்ட் ரொஜர்ஸ் கத்தியை வைத்திருந்திருக்கலாம் அல்லவா? கிரீடத்தோடுள்ள ஜீ.ஆர். என்ற எழுத்து இங்கே இரண்டு பக்கமும் பேசுகிறது. ரொஜர்ஸ் கம்பனி நான்காம் ஜோர்ஜ் மன்னரின் காலத்தில் அரச நியமனம் பெற்றது. அவர் 1820 முதல் 1830 வரை ஆண்டார். அக்காலத்துக் கத்தியிலும் ஜீ.ஆர். உண்டு. அடுத்து வந்த வில்லியத்துக்கு டபிள்யூ.ஆர்., 1837 முதல் 1901 வரை விக்டோரியா மகாராணிக்கு வீ.ஆர்., அதன்பின் எட்வேர்டுக்கு ஈ.ஆர். பிறகு 1910இல் ஐந்தாம் ஜோர்ஜ் வந்ததும் திரும்பவும் ஜீ.ஆர். ஆறாம் ஜோர்ஜ் 1952 வரை அதையே தொடர்ந்தார். ஆக, இந்தக் கத்தி 1820களில் செய்யப்பட்டு மேஜரின் பெட்டியில் வந்ததாகவும் இருக்கலாம், அல்லது அதற்குச் சுமார் நூறு வருடம் கழித்துச் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். நடுவில் ஒன்றுமில்லை.

எந்த ஜோர்ஜ் என்பதைத் தீர்க்க மூன்று சாட்சிகள் உண்டு.

ஒன்று, 'இங்கிலாந்து' என்ற சொல். பழைய ஷெபீல்ட் கத்திகளில் ஊர்ப்பெயர் மட்டும் இருப்பதே வழமை. அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. அதன்பிறகே நாட்டின் பெயரையும் சேர்த்து வெட்டுவது பொது வழக்கமாயிற்று. நான்காம் ஜோர்ஜ் காலத்துக் கத்தியில் இந்த வரி இப்படி வர நியாயமில்லை.

இரண்டு, அலகின் வடிவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் கத்தி குறுக்கே பார்த்தால் ஆப்பு மாதிரி இருக்கும். முதுகு தடித்து, வாய் வரைக்கும் ஒரே சரிவாக இறங்கும். இரு பக்கமும் ஆழமாகக் குழித்துச் சாணை பிடித்து, அலகைத் தாள் போல மெலிதாக்கும் முறை ஜேர்மனியின் ஸோலிங்கன் நகரத்தார் கைவந்த கலையாகி, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. நம்முடைய கத்தி நன்றாகக் குழிந்தது. நகத்தால் அலகின் ஓரத்தை மெல்லத் தட்டினால் மெல்லிய நாதம் வருகிறது. ஆப்புக் கத்தி அப்படிப் பாடாது.

மூன்று, பிடி. அதன் ஒரு பக்கம் தந்தம் போலத் தெரியும். உள்ளங்கையில் வைத்துச் சூடேற உரசி மோந்து பார்த்தால் கற்பூர வாசம் வருகிறது. தந்தத்துக்குக் கற்பூர வாசம் கிடையாது. அது செலுலாய்ட், கற்பூரம் சேர்த்துச் செய்யப்படும் இப்பொருள் இங்கிலாந்தில் பெரிய அளவில் தொழிலானது 1870களின் பின்னர்தான். ஆனால் பிடியை மாற்றிப்போடலாம் என்பதால் இந்தச் சாட்சியை நான் கடைசியில் வைக்கிறேன். எழுத்தும் அலகும் சொன்னதற்கு மாறாக இது ஒன்றும் சொல்லவில்லை என்ற அளவில் போதும். இன்னொரு எச்சரிக்கை: செலுலாய்ட் சட்டென்று தீப்பற்றும். சூட்டூசி வைத்துச் சோதிப்பது ஆபத்து.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கத்தி 1910க்குப் பிற்பட்டது. மேஜர் ரொஜர்ஸ் இறந்து அறுபத்தைந்து வருடங்களாவது கழித்துச் செய்யப்பட்டது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இலட்சக்கணக்கில் ஜிலெட் சவரக்கருவி வழங்கப்பட்டது. அதன்பின் வீட்டுப் பாவனையில் மடக்குக் கத்தி குறைந்தது. தொழில்காரர் கையில் மட்டும் நிலைத்தது. நண்பருடைய மூத்தாப்பா தொழில் செய்த காலத்தோடு இது சரியாகப் பொருந்துகிறது.

போலியா என்றும் பார்க்கவேண்டியிருந்தது. நல்ல பெயருக்குப் பின்னால் போலி வருவது உலக வழக்கு. ஷெபீல்ட் என்று பொய்யாக வெட்டி வந்த வெளிநாட்டுக் கத்திகளைப் பற்றிய முறைப்பாடும் பிரித்தானியாவின் 1887ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்துக்கு ஒரு காரணம். ரொஜர்ஸ் பெயரை ஓரெழுத்து மாற்றிப் போட்ட சாமான்களும் உலாவின. இங்கே அந்த டீ இருக்கிறது, நட்சத்திரமும் சிலுவையும் அவற்றின் இடத்தில் இருக்கின்றன, எழுத்து ஒரே ஆழத்தில் நேராக விழுந்திருக்கிறது. துரையின் கதையைத் தள்ளிய அதே எழுத்துதான் கத்தி அசல் என்பதற்கும் சாட்சி.

இனி, செய்தவரைவிட முக்கியமான ஒருவரைப் பற்றிக் கத்தி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அலகு நுனிப்பக்கம் ஒடுங்கிவிட்டது. முதுகின் இரு ஓரமும் தீட்டுக்கல்லில் பட்டுப்பட்டுத் தட்டையாகிப் பளபளக்கிறது. வருடத்தில் ஓரிரு தடவை தீட்டிய கத்திக்கு இப்படி ஆகாது. கிரீடமும் நட்சத்திரமும் தேய்ந்திருப்பது விரல் படும் பக்கத்தில். பிடியின் மறுபக்கம் செலுலாய்ட் அல்ல, எருமைக்கொம்பு. ஒரு பக்கம் உடைந்துபோக, ஊரில் யாரோ கொம்பை இழைத்துப் போட்டு, செம்பு ஆணியால் அறைந்திருக்கிறார்கள். துரை கொடுத்த ஞாபகப் பொருள் பெட்டிக்குள் இருந்திருக்கும். இது பெட்டிக்குள் இருந்த கத்தியல்ல. அரிசி வாங்கிக் கொடுத்த கத்தி.

அது ஊவாவுக்கு எப்படி வந்திருக்கும் என்பதில் அதிசயம் ஏதுமில்லை. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. தேயிலை பெருகியது. பண்டைக் காலத்தில் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களோடு முஸ்லிம் வியாபாரிகள் ஏறிய அதே மலைக்கு, 1924 ஏப்ரலில் பதுளை வரைக்கும் ரயில் வந்தது. புறக்கோட்டையில் வாங்கிய சாமான் மறுநாள் பதுளைக் கடையில் இருக்கக்கூடிய நிலை ஏற்பட்டது. பசறை, ஹாலிஎல, தெமோதர, வெலிமடை, லுணுகலை என்று தோட்டங்களுக்கு நடுவே கடைத்தெருக்கள் வளர்ந்தன. லயத்து மக்களுக்குத் தோட்டத்து 'பாபர்' இருந்தார். கடைத்தெரு முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒஸ்தா வேண்டியிருந்தது. "மூத்தாப்பா ஒரு தகரப் பெட்டியும் குடையும் எடுத்துக்கிட்டு வெள்ளாப்புல எறங்கினா, மூணு நாலு நாள் கழிச்சுத்தான் ஊட்டுக்கு வருவாராம்" என்று நண்பர் சொன்னார். மலையகத்தில் வெள்ளைக்காரர் எல்லோரும் துரைதான். பெரிய துரை, சின்ன துரை என்று. அப்படியான இடத்தில், கத்தியில் ரொஜர்ஸ் என்ற பெயரை யாரோ வாசித்துச் சொல்ல, அது ரொஜர்ஸ் துரையாக மாறுவதற்கு அதிக நேரம் எடுத்திருக்காது.

நான் கண்டவற்றை நண்பரிடம் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "சேர், தொர குடுத்த கத்தின்டு சொன்னா ஆக்கள் தொரயப் பத்திக் கேப்பாங்க. இல்லாட்டி, கத்தி ஏன் உங்கட ஊட்டுல ஈக்குதுன்டு கேப்பாங்க." மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. எனக்கு அப்போதுதான் அந்தக் கதையின் வேலை புரிந்தது. அது வெறும் பெருமைக்காகச் சொல்லப்பட்ட கதையல்ல. தொழிலை மறைப்பதற்குப் போட்ட போர்வை. யானை சுட்ட ஒரு வெள்ளைக்காரரின் பெயருக்குப் பின்னால், மூன்று தலைமுறையாக நமக்கு ஊழியம் செய்த ஒரு மனிதர் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒளிய வைத்தது நாம்.

அந்தத் தொழில் ஒளிக்கவேண்டியதா? ஏழாம் நாள் குழந்தையின் தலைமுடி களைந்து, அந்த முடியின் நிறைக்கு வெள்ளி தர்மம் செய்வதை அகீகாவோடு சேர்த்து நாம் சுன்னத்தாகக் கொள்கிறோம். உச்சிக்குழி மூடாத பச்சைக் குழந்தையின் தலையில் கத்தி வைப்பதற்கு எப்படிப்பட்ட கை வேண்டும்! இந்தக் கத்தியை அந்த வேலைக்கும் சவரத்துக்கும் மட்டுமே மூத்தாப்பா பாவித்தாராம். கத்னாவுக்கு வேறு சிறு கத்தி இருந்ததாம். கத்னாவைப் பற்றி எழுதியவர் சாதாரண ஆளல்ல. பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அல் ஸஹ்ராவி, தமது 'அத் தஸ்ரீப்' என்ற பெருநூலின் சத்திர சிகிச்சைப் பகுதியில் அதற்கென்றே இடம் ஒதுக்கினார். சவரக்கத்தியால் செய்வதையும் கத்திரிக்கோலால் செய்வதையும் ஒப்பிட்டு, கத்திரிக்கோலே மேல் என்று காரணத்தோடு எழுதினார். ஐரோப்பா பல நூற்றாண்டு பாடமாக வைத்துப் படித்த நூல் அது. ஒஸ்தாவின் தொழிலுக்கு இப்படி ஒரு முன்னோடி இருக்கும்போது, கௌரவத்துக்காக மேஜர் ரொஜர்ஸிடம் கடன் வாங்கவேண்டிய அவசியமில்லை. இன்று கத்னா வைத்தியரிடம் போய்விட்டது. தொற்று நோய்களை நினைத்தால் அதுவே சரி. ஆனால் வைத்தியர் இல்லாத மலையில், ஆஸ்பத்திரிக்கு நாளெல்லாம் நடக்கவேண்டிய காலத்தில், அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் யார் என்பதை மறக்கக் கூடாது.

நண்பரிடம் நான் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டினேன். மலிவான கத்திகள் அக்காலத்தில் தாராளமாக இருந்தன. தோட்டக் கடைகளில் ஏறி இறங்கிச் சில்லறைக் காசுக்குத் தொழில் செய்த ஒருவர், ஊரே முதல்தரம் என்று சொன்ன கத்தியைத் தேடி வாங்கியிருக்கிறார். உடைந்தபோது வீசாமல் கொம்பு போட்டுத் திருத்தியிருக்கிறார். அலகு ஒடுங்கும் வரைக்கும் தீட்டியிருக்கிறார். ஒருவர் தனது தொழிலை எவ்வளவு மதித்தார் என்பதற்கு இதைவிட வேறு ஆவணம் வேண்டுமா? "எழுதுங்க சேர், பேரு மட்டும் வாணாம்" என்றார். அதனால்தான் பெயர் இல்லை.

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறைப் பக்கங்களில் இப்படியான கத்திகள், தோல்வார்கள், தீட்டுக்கற்கள், தகரப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பழைய இரும்புக்காரனிடம் போடுவதற்கு முன்னர் கழுத்துப் பகுதியை ஒரு தடவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுத்தையும் குறியையும் படம் எடுத்து வையுங்கள். துருவை உரசி எடுக்கவேண்டாம், ஒரு துளி எண்ணெய் தடவினால் போதும். செய்த கம்பனியின் பெயரை அடையாளம் காண்பது கடினமல்ல. அதை அவர்கள் இரும்பிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். பாவித்தவரின் பெயர்தான் எங்கும் வெட்டப்படவில்லை. அதை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி, அந்தக் கத்தியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.